காலி வண்டி எடை

எண்ணூர் நெடுஞ்சாலை எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
டிரெய்லர் ஏறும், சிவப்பு எண் ஓடும், நிற்கும்.
சரக்கோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை.
கழித்து வருவதுதான் கணக்கு.
மற்றபடி கொசு, டீ, மணலியிலிருந்து வரும் வாடை.

எப்சிபா கிளம்புவதற்கு முந்தின ராத்திரி
பெட்டியை இங்கேதான் இழுத்து வந்தாள்.
இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் விடமாட்டார்களாம்.
அறுபது டன் தாங்கும் மேடை இது,
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
பெட்டியை வைத்தோம்: இருபது.
அவளும் மேலே ஏறி உட்கார்ந்தாள்: எழுபது.
சீட்டு அடித்துக் கொடுத்தேன்,
வண்டி எண் போடும் இடத்தில் அவள் பெயர்.
பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

அதற்கும் முன்னால் அந்த இருபத்தெட்டு நாள்.
பணம் கணக்கில் அத்தனை நாள்
அசையாமல் கிடந்தால்தான் விசா.
சீத்தாபதி அண்ணன் கொடுத்தார், பன்னிரண்டு லட்சம்,
நூற்றுக்கு இரண்டரை வட்டி.
எடுக்கக்கூடாது, தொடக்கூடாது,
பாஸ்புக்கில் பார்த்துக்கொள்ளலாம்.
வாழ்க்கையில் நாங்கள் பணக்காரர்களாக இருந்த மாதத்தில்
கேஸ் சிலிண்டர் கைமாற்றில் வந்தது.
கடைசி ராத்திரி அம்மா கேட்டாள்,
"இன்னும் ஒரு நாள் வெச்சினு இருந்தா இன்னாடா ஆவும்?"
காலையில் அவர் பணம் அவரிடம் போயிற்று.
முப்பதாயிரம் வட்டி எங்களுக்கு.

அம்மா வாயில் பவுண்டும் பவுன்தான்.
"இன்னிக்குப் பவுன் எவ்ளோ?" என்றால்
விற்கக் கேட்கிறாளா, அனுப்பக் கேட்கிறாளா என்று
காதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.
போன சித்திரையோடு கம்மலும் முடிந்தது,
இப்போது ஒரே பவுன்தான் கேட்கிறாள்.

இரண்டாம் தவணைக் கட்டணத்துக்குக்
காலடிப்பேட்டை வீட்டு லீஸ் பணத்தைத் திரும்ப வாங்கினோம்.
கொருக்குப்பேட்டை கேட் ஓரம் ஓர் அறை.
அவளிடம் சொல்லவில்லை.
பழைய வீட்டு மயில்நீலத் திரையைச்
சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு
அதன் முன்னால் உட்கார்ந்து வீடியோவில் பேசுகிறாள் அம்மா.
திரைக்குப் பின்னால் ஜன்னல் இல்லை.
"காத்து வருதாம்மா?" என்றாள் ஒரு நாள்.
"கடல் காத்துக்கு இன்னா கொறைச்சல்" என்றாள் இவள்,
புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே.

எப்சிபா எப்போதும் நூலகத்தில்தான் இருக்கிறாள்.
இங்கே இரவு பதினொன்றரை, அங்கே மாலை ஆறு.
பின்னால் டிட், டிட் என்று ஏதோ கத்துகிறது.
பெட்டி ஒட்டும் டேப் கிழிபடும் சத்தம் எனக்குத் தெரியும்,
சரக்குக் கொட்டகையில் நான்கு வருஷம் இருந்தவன்.
"படிக்கிறியா?" என்றேன்.
"படிக்கிறேண்ணா."
வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்யலாமாம்.
இருபத்தொன்றாவது மணியைப் பற்றி நான் கேட்டதில்லை.

கறுப்புக் கோட்டில் பருமனாகத் தெரிந்தாள்.
"நல்லா சதை போட்டுட்டா பாரு" என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.
எனக்கு அந்தக் கோட்டைக் கழித்துப் பார்க்கத் தெரியும்.
தொழில் அது.
அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு வாராந்தர லீவு, டிசம்பரில் ஒரு ராத்திரி.
வீட்டிலிருந்தே பேசிக்கொண்டிருந்தோம்.
கூட்ஸ் வந்துவிட்டது.
திரை ஆடியது, செல்போன் ஆடியது,
அம்மா பேச்சை நிறுத்தி
வேகன்கள் தீரட்டும் என்று காத்திருந்தாள்.
காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு ரயில் கேட்காது.
அவளுக்கு அது தெரியும்.
கண் ஒருமுறை திரையின் ஆணிக்குப் போய்
இறங்கி வந்தது.

"இன்னா சாப்பாடு இன்னிக்கு?" என்றாள்.
"வஞ்சிரம்" என்றேன்.
"உனக்கு?"
"பிரியாணி."
டிட், என்றது அவள் பக்கம்.
கேட் திறந்து ஆட்டோக்கள் எல்லாம்
ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன இந்தப் பக்கம்.